தட்டி இறங்கியதைச் சொல்ல மாணவர்களுக்கு வழி விடுங்கள்

சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) தலைமை இயக்குநர் அவர்களுக்கும், நாட்டிலுள்ள விமானப் பயிற்சிப் பள்ளிகளின் தலைமைப் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலையிலிருந்து எழுதுகிறேன். விமானப் படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்று, அப்புறம் விமானப் பராமரிப்பு இன்ஜினீயர் உரிமம் வாங்கி, பயிற்சிப் பள்ளிகளின் ஹேங்கர்களில் வேலை பார்த்தவன். விமானம் ஓட்டியவன் இல்லை. மாணவர்கள் இறக்கி நிறுத்திய விமானங்களை மறுநாள் விடியற்காலையில் டார்ச்சோடு குனிந்து பார்த்தவன். அப்படிப் பார்த்ததில் தெரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். ஒரு மாணவன் விமானத்தைப் பலமாகத் தட்டி இறக்கிவிட்டால் (ஹார்டு லேண்டிங்), "தட்டிவிட்டேன், கொஞ்சம் பாருங்கள்" என்று வந்து சொல்ல அவன் பயப்படக் கூடாது. சொன்னதற்காக அவன் கணக்கில் பணம் பிடிக்கக் கூடாது. தனியாகப் பறக்கும் சோலோ வரிசையில் அவனைக் கடைசியில் தள்ளக் கூடாது. பள்ளியின் பெயருக்கும் அதனால் கெடுதல் வரக் கூடாது. இதை ஒவ்வொரு பள்ளியின் நல்லெண்ணத்துக்கும் விட்டுவிடாமல், எழுத்தில் விதியாக ஆக்குங்கள்.

2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியதைத் தமிழ்நாடே கைபேசியில் பார்த்தது. உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லோரும் நிம்மதி அடைந்தோம். ஆனால் பயிற்சி விமானங்களுக்கு நேரும் சேதங்களில் பெரும்பகுதி எந்த வீடியோவிலும் வருவதில்லை. அவை பள்ளியின் சொந்த ஓடுபாதையில், தெளிவான வானத்தில், இன்ஜின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே, கடைசி முப்பது அடி உயரத்துக்குள் நடக்கின்றன. அமெரிக்காவில் சிறு விமானங்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக வெளியாகும் விபத்து ஆய்வுகளைப் பார்த்தால், ஓட்டுபவரின் கைப்பிழையால் நேர்ந்தவற்றில் எண்ணிக்கையில் முன்னே நிற்பது லேண்டிங்தான். உயிர் போவது அதில் மிகக் குறைவு. அதனாலேயே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இது எப்படி நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலைப் பெற்றோர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

செஸ்னா 152 விமானத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் பின்விளிம்பு மடலான ஃபிளாப்பை முழுதாக இறக்கிவிட்டு 55 முதல் 65 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ.) வேகத்தில் ஓடுபாதையை நோக்கி வர வேண்டும். மாணவனுக்கு வேகம் குறைந்தால் பயம். ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்து, விழுந்துவிடுமோ என்று இரண்டு நாட் கூட்டுவான், அப்புறம் இன்னும் நாலு. 60-இல் வர வேண்டியவன் 70-இல் வருகிறான் என்று வையுங்கள். வேகத்தில் பார்த்தால் ஆறில் ஒரு பங்குதான் கூடுதல். விமானம் சுமந்து வரும் ஆற்றலோ 36 சதவீதம் கூடுதல், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அது தீரும்வரை சக்கரம் தரையில் ஒட்டாது. தரையை நெருங்க நெருங்க இறக்கையின் இழுவையும் குறைவதால் விமானம் மிதந்துகொண்டே போகும். ஓடுபாதை கண்ணெதிரே கரைகிறது. மாணவன் பொறுமை இழந்து கட்டுப்பாட்டுப் பிடியான யோக்கை முன்னே தள்ளுகிறான்.

அவ்வளவுதான். மூக்குச் சக்கரம் முதலில் தரையில் அடிக்கிறது. மூக்கு எகிறி, விமானம் மறுபடி மேலே எழும்புகிறது. பயந்துபோய் மறுபடி தள்ளுகிறான். முதல் குதிப்பைவிட இரண்டாவது பெரிது, இரண்டாவதைவிட மூன்றாவது பெரிது. பெரும்பாலும் அந்த மூன்றாவதில்தான் மூக்குச் சக்கரத்தின் கால் மடங்கி, புரொப்பெல்லர் தரையைக் கொத்தும்.

பிரதான சக்கரங்கள் இரண்டும் வளைந்து கொடுக்கும் எஃகுக் கால்களில் நிற்பவை. எத்தனையோ மாணவர்களின் அடியை அவை வாங்கிக்கொள்ளும். மூக்குச் சக்கரத்தின் கால் அப்படி இல்லை. இன்ஜினுக்கும் விமானியின் அறைக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகட்டில் அதைப் பூட்டியிருக்கிறார்கள். தரையில் ஓடும்போது முன்பக்கத்தைத் தாங்கவும் திருப்பவும் அது போதும். இறங்கும் அடியை முதலில் வாங்குவதற்காகச் செய்தது இல்லை அது.

ஆகவே மடங்கி விழுந்த விமானம் யார் கண்ணுக்கும் தெரியும். மடங்காமல் தப்பித்த விமானம்தான் எனக்குக் கவலை.

மூக்கில் அடி வாங்கிய செஸ்னா வெளியே இருந்து பார்த்தால் புதிதுபோலத்தான் நிற்கும். ஃபயர்வாலின் அடிப்பகுதியில் தகடு லேசாகச் சுருங்கியிருக்கும். டார்ச்சை நேராக அடித்தால் அது தெரியாது. பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் அலை அலையாக நிழல் விழும். இடம் பெயர்ந்த ரிவெட்டைச் சுற்றி மைப்பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு ஓடும். உலோகம் உலோகத்தில் உரசி வந்த பொடி அது. இன்ஜின் மவுண்டில் முடியளவு விரிசல் இருக்கலாம், சுத்தமாகத் துடைத்தால்தான் கண்ணில் படும். புரொப்பெல்லரின் நுனி தரையை உரசியிருந்தால் பெயின்ட் போயிருக்கும், நுனி ஒரு நூல் வளைந்திருக்கும். அந்த ஒரு நூலுக்கே இன்ஜினைக் கழற்றிப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்பது இன்ஜின் தயாரிக்கும் லைகமிங் நிறுவனத்தின் நிலைப்பாடு. உள்ளே இருக்கும் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கு என்ன ஆனது என்று வெளியே இருந்து சொல்ல முடியாது என்பதுதான் காரணம்.

இவற்றைத் தேடிப் பார்க்க ஒரு மெக்கானிக்குக் காரணம் வேண்டும். "நேற்று சாயங்காலம் பலமாகத் தட்டியது" என்ற ஒரு வரி விமானத்தின் குறைப் பதிவேடான டெக் லாக்கில் இருந்தால் போதும். அந்த வரி இல்லாவிட்டால் வழக்கமான தினசரிச் சோதனைதான் நடக்கும், விமானம் பறக்கப் போய்விடும்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். காலையில் முதல் சோலோவுக்குப் போக வேண்டிய விமானம். முந்தின நாள் டெக் லாக்கில் குறை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தது. டயரில் காற்று பார்க்கக் குனிந்தபோது மூக்குச் சக்கரத்தின் அதிர்ச்சி தாங்கும் காலான ஸ்ட்ரட்டிலிருந்து எண்ணெய் கசிந்து, சக்கர உறையான ஃபேரிங்கில் வடிந்திருந்ததைப் பார்த்தேன். இன்ஜின் மூடியான கவுலிங்கைத் திறந்து பார்த்தால் ஃபயர்வால் சுருங்கியிருந்தது. விமானத்தை நிறுத்தினோம். யார் தட்டியது என்று கூப்பிட்டுக் கேட்டார்கள், மாணவர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சோலோ போக வேண்டிய பையன் ஹெட்செட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

அன்று ராத்திரி அருமனைப் பக்கத்துப் பையன் ஒருவன் என் அறைக்கு வந்தான். ஊர்ப் பேச்சு பேசும் ஒரே ஆள் அங்கே நான்தான். "நான்தான் சார். மூணு வாட்டி குதிச்சிட்டு. சொன்னா பறக்கத நிப்பாட்டிருவாவன்னு பயந்துட்டேன். காசும் பிடிப்பாவ" என்றான். முந்தின மாதம்தான் இன்னொரு மாணவன் டயர் வெடித்ததற்காகப் பணம் கட்டியிருந்தான். அதைப் பார்த்த பிறகு யார் சொல்வார்கள்? அந்தப் பையன் பொய் சொல்லும் பிள்ளை இல்லை. நன்றாகப் படிப்பான், செக்லிஸ்டை ஒரு வரி விடாமல் வாசிப்பான். அவனைப் பேசாமல் இருக்க வைத்தது அந்த இடத்தின் ஏற்பாடு.

அந்தப் பயத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். எங்களுக்கு விமான நிலையம் கிடையாது. திருவனந்தபுரத்துக்கு இறங்கும் விமானங்களைக் கடலுக்கு மேலே பார்த்து வளர்ந்த பிள்ளைகள். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்துவிட்டு, வணிக விமானி உரிமத்துக்கான 200 மணி நேரத்தை முடிக்க வெளி மாவட்டத்துக்கும் வெளி மாநிலத்துக்கும் போகிறார்கள். ஐம்பது லட்சம் ரூபாய் அளவுக்குச் செலவாகிறது. குலசேகரத்தில் இருக்கும் ரப்பர் தோட்டத்தின் பத்திரம் வங்கியில் இருக்கும், அக்காவின் கல்யாணம் தள்ளிப் போயிருக்கும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம். விமானம் இல்லை, இன்ஸ்ட்ரக்டர் இல்லை, வானிலை இல்லை என்று வாரக்கணக்கில் காத்திருந்து, கை மறந்த பிறகு திடீரென்று "இன்று நீ போ" என்பார்கள். லேண்டிங் கைப்பழக்கம். நாலு வாரம் விட்டால் முதலில் மங்குவது அதுதான். அப்படி மங்கிய கையோடு, கடனை நினைத்துக்கொண்டு இறங்குகிறவனிடம் "உன் தவறை வந்து சொல், அதற்குப் பணமும் கட்டு" என்று எதிர்பார்க்கிறோம்.

எங்கள் கடற்கரைக்காரர்கள் இதை வேறொரு வடிவில் அறிவார்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து போய் ஆழ்கடலில் நாள்கணக்கில் மீன் பிடித்துப் பத்திரமாகத் திரும்பிய படகுகள், கரை கண்ணுக்குத் தெரியும் முகத்துவாரத்தில் கவிழ்ந்து எத்தனையோ பேர் உயிரை விட்டிருக்கிறார்கள். அங்கே யாரும் சுக்கான் பிடித்தவனை மட்டும் குறை சொல்லி விட்டுவிடவில்லை. மணல் திட்டைப் பாருங்கள், அலைத்தடுப்புச் சுவரின் அமைப்பைப் பாருங்கள் என்று மீனவர்கள் வருஷக்கணக்கில் போராடினார்கள். அதே கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன். ஒரே பள்ளியில், ஒரே ஓடுபாதையில் மாணவர்கள் திரும்பத் திரும்பத் தட்டுகிறார்கள் என்றால் அங்கே பார்க்க வேண்டியது என்ன? ஓடுபாதை வழக்கத்தைவிட அகலமா? அகலமான ஓடுபாதையில் நாம் தாழ்வாக வந்துவிட்டதுபோலக் கண்ணுக்குத் தோன்றும். மாணவன் உயரத்திலேயே ஃபிளேர் செய்துவிட்டு, அதாவது இறங்குவதற்காக மூக்கைத் தூக்கிவிட்டுத் தொப்பென்று விழுவான். இன்ஸ்ட்ரக்டர்கள் அடிக்கடி மாறுகிறார்களா? ஒருவர் ஒரு மாதிரி, அடுத்தவர் இன்னொரு மாதிரி சொல்லிக்கொடுக்கிறார்களா? மாணவன் ஓடுபாதையின் கோடியைப் பார்க்காமல் மூக்குக்குக் கீழே குனிந்து பார்ப்பதை யாராவது கவனித்தார்களா? எத்தனை முறை தட்டியது என்று யாருக்குமே தெரியாதபோது இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்க முடியாது.

கணக்கு இல்லாததற்கு விதியிலேயே ஓர் இடைவெளி இருக்கிறது. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பதின்மூன்றாம் இணைப்பில் விபத்து என்றால் என்ன என்று வரையறை இருக்கிறது. புரொப்பெல்லர், டயர், பிரேக், சக்கரம், ஒற்றை இன்ஜின் ஆகியவற்றோடு நின்றுவிடும் சேதம் அந்த வரையறைக்குள் வராது. பெரிய விமானங்களுக்கு அது நியாயமாக இருக்கலாம். பயிற்சி விமானத்திலோ பாடம் முழுவதும் அந்தச் சிறிய சேதத்தில்தான் இருக்கிறது. அதே இணைப்பில்தான் இன்னொரு வரியும் இருக்கிறது: விசாரணையின் ஒரே நோக்கம் இனி அப்படி நடக்காமல் தடுப்பது, பழியையோ பொறுப்பையோ யார் மீதாவது சுமத்துவது அதன் நோக்கம் இல்லை. நம்முடைய விமான விபத்து விசாரணைப் பணியகமும் இந்தக் கொள்கையை ஏற்றுத்தான் அறிக்கை வெளியிடுகிறது. பெரிய விபத்துக்குக் காட்டும் இந்த நியாயத்தை ஒரு மாணவனின் குதிப்புக்கும் காட்டக் கூடாதா?

இது நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்தும் ஓர் அறிக்கை முறை இருக்கிறது. விமானி தன் தவறைத் தானே எழுதி அனுப்பலாம். பெயரை நீக்கிவிட்டுப் பாடத்தை மட்டும் எல்லோருக்கும் தருவார்கள். வேண்டுமென்று செய்யாத தவறாக இருந்து, விபத்தாக முடியாமல் இருந்து, 10 நாளுக்குள் எழுதியிருந்தால் பொதுவாகத் தண்டனையிலிருந்து விலக்கும் கிடைக்கும். தண்டிக்கும் துறையும் அறிக்கை வாங்கும் துறையும் வேறு வேறு என்பதுதான் அதில் முக்கியம். பிரிட்டனிலும் 1982 முதல் இதுபோல ஒன்று இருக்கிறது. நம் நாட்டிலும் பயிற்சி மாணவர்களுக்கென்று, பள்ளியைத் தாண்டி நேரே எழுதக்கூடிய ஒன்று வேண்டும். ஆங்கிலம் தடுமாறுகிறவன் தாய்மொழியில் குரல் பதிவு அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

டிஜிசிஏ 2025 அக்டோபர் முதல் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிடத் தொடங்கியிருக்கிறது. முதல் பட்டியலில் உச்சத் தரங்களான 'ஏ பிளஸ் பிளஸ்', 'ஏ பிளஸ்' இரண்டும் ஒரு பள்ளிக்கும் கிடைக்கவில்லை. இப்படி ஒளிக்காமல் வெளியிட்டதற்காக மனதார நன்றி சொல்கிறேன். பணத்தைக் கொட்டிவிட்டுக் கண்ணைக் கட்டிய நிலையில் இருந்த பெற்றோருக்கு இது பெரிய உதவி. ஆனால் பாதுகாப்பும் அதில் ஓர் அளவுகோல் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு பள்ளி தானாக முன்வந்து தெரிவிக்கும் சிறு சம்பவங்களை எண்ணி மதிப்பெண் குறைத்தால், வாய் மூடி இருக்கும் பள்ளி மேலே ஏறும், உண்மையைச் சொல்லும் பள்ளி கீழே இறங்கும். ஹேங்கரில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஹார்டு லேண்டிங்கே பதிவாகாத ஒரு பயிற்சிப் பள்ளியை என்னால் நம்ப முடியாது. கற்றுக்கொள்கிற பிள்ளைகள் தட்டத்தான் செய்வார்கள். தட்டியதைப் பதிந்து, சோதித்து, சரிசெய்த பள்ளிக்குத்தான் மதிப்பெண் கூட வேண்டும்.

பயிற்றுநர்களிடம் தனியாக ஒரு விஷயம். கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலே போய்ச் சுற்றி வருவது. முதல் குதிப்பிலேயே முழு பவர் கொடுத்து மேலே போய்விட்டால் மேலே சொன்ன கதை எதுவும் நடக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஏன் போக மறுக்கிறார்கள்? எழுத்துப் பரீட்சைக்குப் படித்த அளவுக்கு அதைக் கையால் செய்து பழகவில்லை. லேண்டிங்குக்காக மூக்கு மேல்நோக்கி நிற்கும்படி டிரிம் (சமநிலை) செய்திருக்கும் விமானத்தில் திடீரென்று முழு பவர் கொடுத்தால் மூக்கு தானாகத் தூக்கும், இடப்பக்கம் இழுக்கும். வாலின் சுக்கானைத் திருப்பும் வலது ரடர் பெடலை மிதித்து, மூக்கை அடக்கி, இன்ஜினுக்குச் சூடான காற்று தரும் கார்புரெட்டர் ஹீட்டை மூடி, ஃபிளாப்பை 30 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு ஏற்றி, வேகம் வந்த பிறகு மீதியை மெதுவாக ஏற்ற வேண்டும். இத்தனையும் தரைக்குப் பத்தடி மேலே, நாலைந்து நொடிக்குள். ஆயிரம் அடி உயரத்தில் ஒரு தடவை காட்டிவிட்டால் இது வராது. ஓடுபாதைக்கு மேலேயே, இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்க, அலுத்துப்போகும் அளவுக்குச் செய்ய வைத்த பிறகுதான் சோலோவுக்கு விட வேண்டும். குதித்த பிறகு மேலே போவதையும் சேர்த்துப் பழக்குங்கள்.

முதல் சோலோவில் இன்னொன்றும் நடக்கிறது. அதுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்த எழுபது, எண்பது கிலோ இறங்கிப் போய்விடுகிறது. 757 கிலோதான் உச்ச எடை என்ற விமானத்தில் அது பத்தில் ஒரு பங்கு. விமானம் சட்டென்று ஏறும், இறங்கும்போது அதிகம் மிதக்கும். இப்படி லேசான விமானத்தில் பையன் பழகியதில்லை. இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பும் இன்ஸ்ட்ரக்டர்களும் இருக்கிறார்கள், தோளைத் தட்டி இறங்கிப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

கோ-அரவுண்டுக்குப் போகும் சில நிமிஷத்துக்கும் மாணவனே பணம் கட்டுகிறான் என்பதையும் யோசியுங்கள். ஓடுபாதையைச் சுற்றி வரும் ஒரு சர்க்யூட் கூடுதல் என்றால் அவனுக்கு ஆயிரக்கணக்கில் செலவு. அந்தச் சுற்றைக் கட்டணத்திலிருந்து கழித்துவிடும் பள்ளிக்கு ஒரு மூக்குக் கால் மிச்சமாகும். கோ-அரவுண்ட் போய்விட்டு வந்தவனை மற்றவர்கள் முன்னால் கேலி செய்வதை நான் பார்த்திருக்கிறேன். பயிற்றுநர் ஒருவர் அந்த இடத்தில் "சரியாகச் செய்தாய்" என்று சத்தமாகச் சொன்னால் மொத்த வகுப்பும் மாறிவிடும். அப்படிச் சொன்ன ஒருவரோடும் வேலை பார்த்திருக்கிறேன். அவருடைய மாணவர்கள்தான் டெக் லாக்கில் உண்மையை எழுதியவர்கள்.

காற்றைப் பற்றி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆடி மாதம் முப்பந்தலில் நின்றால் சட்டை உடம்பில் நிற்காது. ஆனால் பயிற்சியில் பையன்கள் பெரும்பாலும் விடியற்காலை அமைதியான காற்றில் சோலோ போகிறார்கள். அப்புறம் ஒருநாள் பத்து மணி வெயிலில், பக்கக் காற்று விட்டு விட்டு அடிக்கும் நேரத்தில் இறங்க வேண்டி வரும். செஸ்னா 152-இல் 12 நாட், 172 எஸ்-இல் 15 நாட் பக்கக் காற்று வரை செய்து காட்டியிருக்கிறார்கள் என்று கையேடு சொல்கிறது. அது தயாரிப்பாளரின் தேர்ந்த விமானி செய்தது. நாற்பது மணி நேர மாணவனுக்கு எத்தனை நாட் வரை என்று பள்ளி தனியாக எழுதி வைக்க வேண்டும், அதற்கு மேல் காற்று வந்தால் அவன் போக மறுத்தாலும் அவனுடைய முறை போய்விடக் கூடாது.

தெரிந்தே விதியை மீறுகிறவனுக்கும், குடித்துவிட்டு வருகிறவனுக்கும், தாழ்வாகப் பறந்து வீடியோ எடுக்கிறவனுக்கும் நான் பரிந்து பேசவில்லை. அவர்களைத் தண்டியுங்கள். தட்டியதை மறைத்தவனிடமும் விசாரியுங்கள், ஆனால் சொல்ல அவனுக்கு வழி கொடுத்த பிறகு விசாரியுங்கள்.

எங்கள் பக்கத்தில் பெற்றோர்கள் என்னைத் தேடி வந்து, "பிள்ளைய எந்த ஸ்கூல்ல சேக்கது சார்?" என்று கேட்கிறார்கள். பள்ளியின் பெயரை நான் சொல்வதில்லை. சேரும் முன்னே, "என் பிள்ளை ஹார்டு லேண்டிங் செய்துவிட்டு வந்து சொன்னால் அவனை என்ன செய்வீர்கள், எவ்வளவு பிடிப்பீர்கள்?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கச் சொல்கிறேன். இதுவரை யாரும் எழுத்தில் பதிலோடு திரும்பி வந்து காட்டவில்லை. டிஜிசிஏ ஒரு சுற்றறிக்கை போட்டால் அந்தப் பதிலைச் சேர்க்கைப் படிவத்திலேயே அச்சடிக்கச் செய்யலாம். அடுத்த தரவரிசை வெளியாவதற்குள் அதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பு இன்ஜினீயர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்